சும்மா இருந்தேன் என்று எழுத மாட்டேன்

7 ஜூலை 2025, திங்கள்

மெமோ வந்தது. இது இரண்டாவது. முதலாவது ஏப்ரலில், வெயில் தாங்காமல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டதற்கு. இது புத்தகம் படித்ததற்கு. மூன்றாவதும் வந்தால் இந்த கேட் எனக்கு இல்லை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வீடு இருக்கிற எர்ணாவூர் எங்கே, ஸ்ரீபெரும்புதூர் எங்கே! விடிவதற்கு முன்னால் கிளம்பினால் திரும்பி வரும்போது மகள் தூங்கியிருப்பாள்.

என் வேலை என்ன என்று ஆண்ட்ரூ சாருக்குத் தெரியாதா? எங்கள் செக்யூரிட்டி ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசரே அவர்தான். கன்டெய்னர் யார்டின் இரண்டாம் கேட்டில், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, வெளியே போகிற ஒவ்வொரு டிரெய்லருக்கும் வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், நேரம் எல்லாம் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். மணிக்கு ஒரு தடவை, பின்னால் கேட் தெரிகிற மாதிரி நின்று செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். எழுதினேன். போட்டேன். ஹார்பர் பக்கம் நெரிசல் என்றால் இங்கே ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டியும் வராது. அப்போதுதான் படித்தேன். ஒரு வண்டியை விட்டேனா? ஒரு நம்பரை விட்டேனா?

பக்கத்து நாற்காலியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் குமாரவேல் சார் போனில் புறாப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் மேலே மாட்டியிருக்கிற சிசிடிவி கேமராவில் அவரும்தான் விழுந்திருப்பார். அதைக் கேட்டேவிட்டேன். ஆண்ட்ரூ சார் சொன்ன பதில்: "போனைப் பாத்தா வேலை விஷயமா இருக்கலாம்மா. புக்கைப் பாத்தா நீ சும்மா இருக்கேன்னுதானே அர்த்தம்?"

சும்மாவா? பன்னிரண்டு மணி நேரம் டிரெய்லர் புகையைக் குடிக்கிறவளைப் பார்த்து இன்னா பேச்சு இது!

9 ஜூலை, புதன்

கோபம் இன்னும் ஆறவில்லை.

அது என்ன புத்தகம் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. எனக்கே தெரியாது என்பது வேறு விஷயம். அட்டை இல்லை, முதல் முப்பத்தெட்டுப் பக்கமும் இல்லை. போன மாதம் ஓடாத ஃபேனைப் போட ரஹீமின் காயலான் கடைக்குப் போனபோது தராசுத் தட்டில் கிடந்தது. சும்மா கையில் எடுத்தேன். (பார், நானே அந்த வார்த்தையை எழுதுகிறேன்.) முப்பத்தொன்பதாம் பக்கம் பாதி வாக்கியத்தில் ஆரம்பித்தது: "...என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்." எதைச் சொல்லிவிட்டு? யார் முகத்தில் சாத்தினாள்? நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டேன்.

"எடுத்துகினு போக்கா, இது இன்னா எடை வரப்போவுது," என்றார் ரஹீம்.

கதவைச் சாத்தியவள் பெயர் சம்பூரணம். சின்ன ஊரில் தபால் ஆபீஸ் வேலை. வந்த கடிதம் ஒன்றை உரியவரிடம் கொடுக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். ஏன் என்று தெரியவில்லை. தெரிந்தாக வேண்டும்.

இதற்கு முன் நான் முழுசாக ஒரு புத்தகம் படித்தது கல்யாணத்துக்கு முன்னால், வியாசர்பாடியில் எங்கள் தெரு படிப்பகத்தில். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஏன் விட்டேன்? போன் வந்துதான் எல்லாரும் படிப்பதை விட்டார்கள் என்கிறார்கள். நான் விட்டபோது என்னிடம் போனே கிடையாது.

நேற்று சாயந்திரம், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு சீக்கிரம் வந்ததால், வீட்டில் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, என் வீட்டுக்காரர் பாரி கூப்பிட்டார்: "குழலி, சும்மாதான கீற, ஒரு டீ போடேன்." போட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். மகள் யூனிஃபார்மைத் தூக்கிக்கொண்டு வந்தாள்: "சும்மாதானம்மா இருக்க, இந்த ஹூக்கு தெச்சுக் குடு." தைத்தேன். அப்புறம் புத்தகத்தை வைத்துவிட்டு போனை எடுத்தேன். எதையும் பார்க்கவில்லை, விரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. இரண்டாவது டீயை பாரியே போட்டுக் குடித்தார்!

போன் பார்க்கிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். புத்தகம் பார்க்கிறவள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

10 ஜூலை, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

யார்டில் வாசிப்பு வாரமாம். கம்பெனிப் பக்கமிருந்து ஒரு மேடம் வந்தார். கேன்டீனில் கண்ணாடி போட்ட புத்தக அலமாரி திறந்தார்கள். ரிப்பன், கத்தரி, வடை எல்லாம் இருந்தது. மேடம் பேசினார். இந்தக் காலத்துப் பெரியவர்கள் புத்தகத்தைத் தொடுவதே இல்லையாம், பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லையாம். "குறிப்பா இந்த ஏரியாவில வாசிப்பு ஆர்வம் ரொம்பக் குறைவு" என்றும் சொன்னார். இந்த ஏரியா! எங்கள் தெருப் படிப்பகத்தில் பேப்பர் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, கையெழுத்துகூடப் போடத் தெரியாத இருபது பேர் உட்கார்ந்து கேட்டு, அப்புறம் சண்டை போடுவார்கள். மேடத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

ஒரு பெண் செக்யூரிட்டி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, "விரிச்சுப் பிடிங்க, சிரிங்க" என்றார்கள். சிரித்தேன். போட்டோ எடுத்தார்கள். எடுத்ததும் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி அட்மின் ஆபீசில் இருக்கிறது, அட்மின் ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடும். அப்புறம் உறுதிமொழி: "தினமும் அரை மணி நேரம் வாசிப்பேன்." எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"எந்த அரை மணி நேரம் மேடம்?" என்று கேட்டேன்.

மேடம் சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டார். பக்கத்தில் ஆண்ட்ரூ சாரும் சிரித்தார். மூன்று நாள் முன்னால் மெமோ கொடுத்த அதே ஆள்! எனக்கு அப்படியே பேனாவைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு கேட்டுக்குத் திரும்பினேன்.

13 ஜூலை, ஞாயிறு

லீவு. மீன், துணி, மாவு, தண்ணி லாரி. ஒரு பக்கம்கூட இல்லை.

15 ஜூலை, செவ்வாய்

புத்தகத்துக்கு அட்டை போட்டேன். முடிந்துபோன பழைய ரெஜிஸ்டரின் கறுப்பு காலிகோ அட்டையைப் பிரித்து, மைதாப் பசை தடவி ஒட்டினேன். எங்கள் ரெஜிஸ்டர் பெரிய லெட்ஜர் கிடையாது, ஸ்கூல் நோட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. புத்தகம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தாள் உதிர்கிறதே என்றுதான் ஒட்டினேன். வேறு எண்ணம் இல்லை என்று எழுத ஆசை. ஆனால் இது என் நோட்டு, இங்கே எதற்குப் பொய்? கேமராவை நினைத்துத்தான் ஒட்டினேன்.

கையில் பேனாவை வைத்துக்கொண்டு, கறுப்பு அட்டையை விரித்து, வண்டி இல்லாத நேரத்தில் பதினாலு பக்கம் படித்தேன். மத்தியானம் ஆண்ட்ரூ சார் குரூப்பில் போட்டிருக்கிறார்: "இரண்டாம் கேட்டைப் பாத்துக் கத்துக்கோங்க. எந்நேரமும் ரெஜிஸ்டரும் கையுமா இருக்காங்க." கீழே பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள்.

அதே நான். அதே புத்தகம். சந்தோஷப்படணுமா, காறித் துப்பணுமா?

18 ஜூலை, வெள்ளி

ஐயோ.

ஆறு மணிக்கு மூன்று டிரெய்லர் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஹாரன் அடிக்கிறது. குமாரவேல் சார் போனைக் காதில் வைத்தபடி, ரெஜிஸ்டரில் தினமும் போடுகிற கையெழுத்துக்கு வந்தார். சீல் நம்பர் பார்க்கிற அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை விரித்து நீட்டினேன். "சார்... சார்... இதோ சார்" என்று போனில் சொல்லிக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டு அடுத்த கேட்டுக்குப் போய்விட்டார்.

வண்டிகள் போன பிறகு பார்க்கிறேன், புத்தகம்! நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சம்பூரணம் கிணற்றடியில் அழுகிற இடத்துக்குக் கீழே, குமாரவேல், 18.07.25.

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். டிரைவர் ஒருவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, லாட்டரி வுழுந்துச்சா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பதினேழு மாதமாக இந்த கேட்டில் எழுதுகிறேன். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நாலு எழுத்து, ஏழு எண். அடித்தல் திருத்தல் இல்லாமல், வரி கோணாமல். யாரோ படிக்கிறார்கள் என்று நினைத்துத்தானே எழுதினேன்? அந்த ஆள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையா?

19 ஜூலை, சனி

இன்று வேண்டுமென்றேதான் நீட்டினேன்.

"எல்லாம் சரியா எழுதிக்கீறியா?"

"எழுதிக்கீது சார்."

நூற்று இருபத்தொன்றாம் பக்கம். காதில் வைத்த போனை எடுக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

23 ஜூலை, புதன்

திங்கள், செவ்வாய், இன்று. மொத்தம் ஐந்து. போதும், நிறுத்து என்று மனசு சொல்கிறது. நிறுத்த முடியவில்லை. ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். ஒரே ஒரு தடவை! அந்த மேடம் சொன்னாரே, இந்த ஏரியா ஆட்கள் படிப்பதில்லை என்று. படிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்த ஆளே படிப்பதில்லை மேடம், அதை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவீர்கள்?

24 ஜூலை, வியாழன்

ஆடிட். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார்கள். என் ரெஜிஸ்டரில் ஐந்து நாளாகச் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லை.

இதை நான் யோசிக்கவே இல்லை. புத்தகத்தில் விழுந்த கையெழுத்து ரெஜிஸ்டரில் விழாது என்பது மூளைக்கு எட்டவில்லை. குமாரவேல் சார் முழித்தார். "போட்டேனே சார்... தினம் போட்டேனே..." என்றார். ஆண்ட்ரூ சார், "எங்கே போட்டீங்க, காட்டுங்க" என்றார். காட்ட ஒன்றும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "இவங்க காட்டல போல சார்," என்றார்.

போல! அந்தப் 'போல' எனக்கு மூன்றாவது மெமோ.

ஆண்ட்ரூ சார் பேப்பரை நீட்டி அவரே வாசகம் சொன்னார்: "டூட்டி நேரத்தில் புத்தகம் படித்துச் சும்மா இருந்தேன். ரெஜிஸ்டரைக் கையெழுத்துக்குக் காட்டவில்லை. மன்னிக்கவும்." ஒண்ணாம் தேதிக்குள் இப்படி எழுதிக் கொடுத்தால் இங்கேயே விடுவாராம். இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர்.

25 ஜூலை, வெள்ளி

பாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹார்பரில் முப்பது வருஷம் கயிறு இழுத்த ஆள், கோபம் வந்தால் சத்தமே போட மாட்டார். புத்தகத்தைப் புரட்டி ஐந்து கையெழுத்தையும் பார்த்தார். "எடுத்துகினு போய் ஆண்ட்ரூ டேபிள்ல போடு. அந்தக் குமாரவேலு காலி," என்றார். போகும்போது, "இன்னா கதை இது?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு டீ போட்டு எனக்கும் ஒன்று கொண்டுவந்தார்.

போட்டால் குமாரவேல் காலி. நிஜம்தான். போட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஐந்து நாளும் கையெழுத்துப் போடும்போது அந்த ஆள் காதில் போன் இருந்தது. "சார், சார், இதோ சார்." எதிர்ப்பக்கம் யார்? ஆண்ட்ரூ சார்தான். நாலு கேட்டுக்கு ஒரு சூப்பர்வைசர். பத்து நிமிஷத்துக்கு ஒரு போன், எத்தனை வண்டி, எத்தனை ஆள், போட்டோ எங்கே. மாதவரத்திலிருந்து வந்து போகிற மனுஷன். புறாப் பந்தயத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை, நடுவில் போன் வந்துவிடும்.

கிழித்துக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்ட நாளில் எந்த மனுஷன் உட்கார்ந்து எதைப் படிப்பான்? அப்புறம் ஒரு அலமாரியைத் திறந்து வைத்து, ஆர்வம் இல்லை என்று எங்களையே திட்டுவார்கள். எனக்குக் குமாரவேல் மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அது இப்போது அவரோடு நிற்கவில்லை, மேலே போகிறது.

28 ஜூலை, திங்கள்

காட்டினேன். ஆண்ட்ரூவிடம் இல்லை, குமாரவேல் சாரிடமே. மத்தியானம் வண்டி இல்லாத நேரத்தில் கறுப்பு அட்டையை அவர் கையில் கொடுத்து, "படிங்க சார்," என்றேன்.

முதலில் புரியவில்லை. பக்கத்தைப் புரட்டினார். தன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இது இன்னாது... எங்கையெழுத்தா?"

"அஞ்சு எடத்துல கீது சார்."

"ஆண்ட்ரூ சாருக்குக் காட்டிட்டியாம்மா?"

"இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மேலிருந்து, உதடு அசைய அசையப் படித்தார். போன் அடித்தது. எழுந்தார். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பேசியபடியே போனவர், எட்டு மணி வரை இந்தப் பக்கம் வரவே இல்லை.

எடுத்துக்கொண்டு போய்விட்டார்! என் சாட்சி, என் புத்தகம். இன்னும் முப்பத்தோரு பக்கம் பாக்கி. அவள் அந்தக் கடிதத்தைக் கொடுத்தாளா இல்லையா?

29 ஜூலை, செவ்வாய்

குமாரவேல் லீவாம். ஒரு வாரம். புத்தகத்தை எரித்திருப்பான். நான் ஒரு கூமுட்டை.

1 ஆகஸ்ட், வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆண்ட்ரூ சார் சொன்ன வாசகத்தை அல்ல. மூன்று பேப்பர் கிழித்து, நாலாவதில் வந்தது இது:

"வண்டி இல்லாத நேரத்தில் புத்தகம் படித்தேன். எல்லா வண்டி நம்பரையும் எழுதினேன். ரெஜிஸ்டருக்குப் பதிலாக வேறொன்றைக் கையெழுத்துக்கு நீட்டியது என் தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். படித்ததற்குக் கேட்க மாட்டேன். நான் சும்மா இருக்கவில்லை. உங்கள் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன்படி நடந்தவள் இந்த யார்டில் நான் ஒருத்திதான். கார்குழலி."

குமாரவேல் பெயரை எழுதவில்லை. சாட்சி கையில் இல்லாததால் மட்டும் இல்லை.

பாரியிடமும் மகளிடமும் ஸ்ரீபெரும்புதூருக்குத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆண்ட்ரூ சார் போன் பேசிக்கொண்டிருந்தார். பேப்பரை வாங்கி, அடியில் மட்டும் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டிருக்கியா? சரி. இனிமே ஒழுங்கா இரு, போ."

பஞ்ச் பண்ணி ஃபைலில் கோத்துவிட்டார். பதினேழு மாதமாக நான் நிற்கிற அந்த கேட் எனக்கே மிச்சம். மகள் கட்டிப்பிடித்துக் குதித்தாள். எனக்கு அழுகை வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அது. யாராவது படித்திருந்தால் வேலை போயிருக்கும். யாரும் படிக்காததால் பிழைத்தேன். இந்தப் பிழைப்பை என்னவென்று சொல்வது? ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

6 ஆகஸ்ட், புதன்

குமாரவேல் வந்தார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ஆறு மணிக்கு வழக்கம்போல வந்தார். காதில் போன் இல்லை. கறுப்பு அட்டையை மேஜை மேல் வைத்தார். எரிக்கவில்லை! தாள் ஒன்றுகூடக் கசங்கவில்லை. உதிர்ந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது.

"பஸ்ல படிச்சேன். வூட்ல வுட மாட்றாங்கோ," என்றார். கொஞ்சம் வெட்கம் அவருக்கு. "முதல் முப்பத்தெட்டு பக்கம் எங்கம்மா கீது? அந்தக் கதவை எதுக்குச் சாத்துனா?"

"எனக்கே தெரியாது சார்."

"அத்த வுடு. அந்த லெட்டரு கீதே, அத்த கடைசில அவ இன்னா பண்றான்னா..."

"சார்! சொல்லாதீங்க! எனக்கு முப்பத்தோரு பக்கம் பாக்கி!"

போட்ட சத்தத்தில் வெளியே நின்ற டிரைவர் திரும்பிப் பார்த்தார். குமாரவேல் சார் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள்ளேயே போட்டார். அது அடித்து ஓய்ந்தது.

"ரெஜிஸ்டரைக் குடும்மா. நெஜ ரெஜிஸ்டரு."

கொடுத்தேன். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, புத்தகத்தைப் படித்த மாதிரியே உதடு அசையப் படித்தார். நாற்பத்திரண்டு வண்டி. நான் பக்கத்தில் நின்றேன். பதினேழாவது வரியில் விரல் நின்றது.

"இது இன்னா? ஏழு நம்பர் வரணும், ஆறுதான் கீது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஒரு எண்ணை விட்டிருக்கிறேன். ஒரு நம்பர்கூட விட்டதில்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்ட நான். வெட்கமாக இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

கேட் பாஸ் நகலைத் தேடி எடுத்து, விட்டுப்போன எண்ணை எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.